ஒப்பு ரத்தம்

அந்த ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் முதலில் ஊசி ஏறுவது சுகிர்தாவின் கையில்தான். மூன்று வருடமாக அப்படி. காலை ஏழே முக்காலுக்கு ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் நரம்பைத் தானே குத்தி, இரண்டு மில்லி எடுத்து, குழாயின் மேல் 'ஒப்பு' என்று எழுதி வைப்பாள். அதற்குப் பிறகுதான் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளர்களின் ரத்தம். அவர்கள் ஏழு மணிக்கே வந்து, சுவரோரம் குந்தியபடி, ஊறின தோலின் வாடையோடு காத்துக்கொண்டிருப்பார்கள்.

"நம்ம பூஷணம் பொண்ணுதான் அளவுகோலு" என்று வரிசையில் யாராவது சொல்வார்கள். "அவ ரத்தம் ஒண்ணு. நம்மளுது அதுல எத்தினி மடங்குன்னு பாப்பாங்க."

அதைக் கேட்கும்போது சுகிர்தாவுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வரும். டேனரியின் பின்கேட்டுக் காலனியில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வாங்கியதும் சும்மா பட்டமில்லை, எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம். ஏளனமாகப் பார்த்தவன், ஹாஸ்டலில் தட்டை நகர்த்தி வைத்தவள், 'கோட்டாவா?' என்று கேட்ட வாத்தியார் எல்லோர் முகத்திலும் அந்தப் பதக்கத்தை ஒருமுறை மானசீகமாக எறிந்துவிட்டுத்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். நாற்பத்தொரு பேர் வந்த நேர்முகத்தில் அவளைத்தான் எடுத்தார்கள். எடுத்ததோடு நில்லாமல், ஆரோக்கியம் என்றால் என்ன என்பதற்கே அவள் ரத்தத்தை அடையாளமாக வைத்தார்கள். கர்வம் வராமல் என்ன செய்யும்?

அந்த மடங்குக்குப் பெயர் 'சுழல் எண்'. காலனியில் அதை 'சுழி' என்பார்கள். சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆபத்தான தொழிலில் இருக்கிற எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். எண் இரண்டைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து மூன்று தடவை தாண்டினால் 'உடல்வாகுக் குறை' என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பலாம். உடல்வாகு அவரவர் பிறவிக் குறை என்பதால் ஆலைக்குப் பொறுப்பில்லை. ஆனால் சோதித்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டைத் தாண்டிவிட்டால் அது 'பணியிடக் குறை'. அன்றைக்கே ஆலையை நிறுத்த வேண்டும், எல்லோருக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம் பார்க்க வேண்டும். சட்டத்தின் அந்த இரண்டாவது பிரிவு இந்த ஊரில் ஒருமுறைகூட அமலுக்கு வந்ததில்லை.

சுகிர்தாவின் அம்மா பூஷணத்துக்குப் போன இரண்டு தடவையும் இரண்டு புள்ளி ஒன்று. மூன்றாவது சோதனை வரும் வியாழக்கிழமை.

"அப்பிடி இன்னாத்தடி பாக்குறீங்க அதுல?" என்று பூஷணம் ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். இருபத்தாறு வருடம் ஈரப் பிரிவில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம்மில் நின்ற கை. விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"ஒடம்புல ஒரு செல்லு ரெண்டா பிரியணும்னா, மொதல்ல உள்ள கீற டிஎன்ஏவ ஒரு காப்பி எடுக்கணும்மா. நாங்க ஒரு சாயம் ஊத்துவோம். அது டிஎன்ஏ மேல போயி ஒட்டிக்கும். லேசர் அடிச்சா மின்னும். டிஎன்ஏ எத்தினி கீதோ அத்தினி வெளிச்சம். ஒரு பங்கு வெளிச்சம்னா அந்த செல்லு சும்மா கீது. ரெண்டு பங்குன்னா பிரியப் போவுது. நடுவால இருந்தா காப்பி எடுத்துக்கினு கீதுன்னு அர்த்தம்."

"ரத்தத்துல அது சும்மா இருக்கணுமா, வேலை செய்யணுமா?"

"சும்மா இருக்கணும். அங்க வேலை நடந்தா, முக்காவாசி எங்கியோ அடி வாங்கி ரிப்பேர் பாத்துக்கினு கீதுன்னு அர்த்தம்."

பூஷணம் செதிலைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "நாங்க தோலுக்குச் சாயம் போடுறோம். நீ எங்களுக்கே போடுற. அதுக்குத்தான் உன்னப் படிக்க வெச்சனா?"

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் ரத்தத்தை ஒப்பாக வைக்கக் கூடாது என்பது விதி. அதனால், சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஷைனி கையை நீட்டினாள். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். ஊசி போடும்போதுகூட வாய் மூடாது.

"எக்கா, என் ரத்தத்துல மீன் கொழம்புதான் வரும், பாத்துக்கிடுங்க."

அன்றைக்கு முப்பத்தெட்டு பேர். பதினோரு மணிக்குத் திரையைப் பார்த்த சுகிர்தா எழுந்து நின்றுவிட்டாள். நான்கு புள்ளி எட்டு. ஐந்து புள்ளி மூன்று. ஆறு. நான்கு புள்ளி ஒன்பது. இரண்டுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

"மெஷின் கெட்டுப் போச்சோ?" என்றாள் ஷைனி.

சுகிர்தா லேசரைச் சரிபார்த்தாள். சாயத்தை மாற்றினாள். குழாய்களைக் கழுவி, ஐந்து பேருடைய ரத்தத்தைத் திரும்ப ஓட்டினாள். அதே எண்கள். வேறு வழியில்லாமல் டாக்டர் அனந்தபத்மனின் அறைக்குப் போனாள். ஆலை நடத்தும் அந்த ஆய்வகத்தின் பொறுப்பு மருத்துவர் அவர். வாரம் மூன்று நாள் சென்னையிலிருந்து காரில் வருவார். குடிக்கத் தண்ணீரைக் கேனில் கூடவே கொண்டுவருவார். இந்த ஊர்த் தண்ணீரில் கை கழுவக்கூட மாட்டார்.

"சார், இன்னைக்கு எல்லாருக்கும் அஞ்சுக்குப் பக்கத்துல காட்டுது."

அவர் நிமிர்ந்தார். மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை. சாயத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஒப்பு யாருது?"

"ஷைனி. எனக்குக் காய்ச்சல் சார்."

"உன்னுதை வெச்சுத் திரும்ப ஓட்டு."

"காய்ச்சல் ரத்தம் வெக்கக் கூடாதுன்னு விதி..."

"எனக்கே விதி சொல்றியா? வெச்சு ஓட்டும்மா. காலையில வந்ததை அழிச்சிடு."

சுகிர்தா ஓட்டினாள். ஒன்று புள்ளி இரண்டு. ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி ஐந்து. எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். ஷைனி கைதட்டினாள். சுகிர்தா டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தாள்.

ஒப்பு யாருது என்று அந்த ஆள் ஏன் முதலில் கேட்டார்?

மெஷினோடு வந்த மென்பொருளில் ஒப்பு ரத்தம் எப்போதும் 'ஒன்று' என்றுதான் தெரியும். அதன் உண்மையான சதவீதம் பூட்டிக் கிடக்கும், கடவுச்சொல் டாக்டரிடம். மெஷினின் மூலக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து, கல்லூரியில் எல்லோரும் வைத்திருந்த இலவச மென்பொருளில் திறந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மூன்று வருடத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்தவன் ரத்தத்தைச் சந்தேகிக்கத் தெரிந்த தங்கப் பதக்கக்காரிக்கு, தன்னுடையதைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. ஒன்று என்று போட்டிருந்தான். ஒன்று என்று நம்பினாள். எல்லா இடத்திலும் இரண்டாவது, மூன்றாவது, கடைசி என்று நின்றவளுக்கு அந்த 'ஒன்று' அவ்வளவு இனித்திருந்தது.

மத்தியானம் ஷைனியின் லேப்டாப்பில் இருவருடைய மூலக் கோப்பையும் திறந்தார்கள். ஷைனியின் படத்தில் ஒரே ஒரு கூர்மையான கோபுரம். சும்மா இருக்கிற செல்கள். அதற்கு அப்பால் வெறும் தரை. காப்பி எடுப்பதும் பிரியப் போவதும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்று புள்ளி ஒன்று.

சுகிர்தா தன்னுடையதில் அன்றைய காய்ச்சல் ரத்தத்தை விட்டுவிட்டு, போன வாரம் நன்றாக இருந்தபோது எடுத்ததைத் திறந்தாள். கோபுரம் இருந்தது. அதன் வலப்பக்கம் தரை மேடிட்டிருந்தது. இரண்டு பங்கு வெளிச்சத்தில் இன்னொரு குட்டிக் கோபுரம். கூட்டிப் பார்த்தாள். நூற்றுக்கு நான்கு புள்ளி நான்கு.

ஷைனி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எக்கா... ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லயா?"

"எனக்கு இல்லடி. எங்களுக்கு." சுகிர்தாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் பின்கேட்டுல பொறந்தவ. அதே போர் தண்ணி. அதே வாய்க்கா. அடி வாங்குனவள நல்லவன்னு நிக்க வெச்சா, அவ பக்கத்துல நிக்கிறவன் எல்லாம் நல்லவனாத்தான் தெரிவான். ரொம்ப மோசமா அடி வாங்குனவன் மட்டும் தனியாத் தெரிவான். அவனப் புடிச்சி, உன் உடல்வாகு சரியில்ல, போடான்னு தள்ளிடலாம்."

மூன்று வருடத்தில் அப்படித் தள்ளப்பட்டவர்கள் அறுபத்திரண்டு பேர். அத்தனை காகிதத்திலும் 'சோதித்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னபோது பூஷணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற? டேனரிய மூடணுமா? தொள்ளாயிரம் பேரு வேலை செய்றான். மூடிட்டா அவன்லாம் எங்கடி போவான்? உன் எம்.எஸ்ஸி.ய கரைச்சிக் குடிப்பானா?"

"வைத்தியம் தரணும்மா. சட்டத்துல கீது."

"சட்டத்துல எல்லாந்தான் கீது. நான் ஒருத்தி போய்ட்டுப் போறேன். உடல்வாகு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடு. உன் வேலையாவது நிக்கட்டும்."

"என் வேலையே அதுதான்மா! உன்னத் தள்றதுக்குத்தான் என்ன வெச்சிக்கிறான்!"

"கத்தாத. பக்கத்து வூட்டுல கேக்கும்."

"கேக்கட்டுமே. கேட்டுட்டு வரட்டும். அவங்க சுழியும் சொல்றேன்."

பூஷணம் தண்ணீரை வடித்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "உன்னுது எத்தினின்ன?"

"அந்த மார்த்தாண்டத்துப் பொண்ணோடதப் போல நாலு பங்கு."

"நீ டேனரிக்குள்ள காலே வெக்கலியேடி. உள்ள வரக் கூடாதுன்னு கேட்டாண்டையே நிக்க வெச்சனே."

அரிசிப் பாத்திரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் கை அசையாமல் நின்றது.

"நீ வவுத்துல இருந்தப்ப எட்டு மாசம் வரைக்கும் டிரம்முல நின்னேன்" என்றாள் பூஷணம். "லீவு கேட்டா, அப்பிடியே வூட்டுலியே இருந்துக்கோன்னுவான் மேஸ்திரி. வவுத்து மேல தண்ணி தெறிக்கும். ஏப்ரன் கேட்டேன். உன் சைசுக்கு இல்லன்னு சிரிச்சான்."

அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, மூடியைப் போட்டாள்.

"வியாழக்கெழம யார் ரத்தத்த வெப்ப?"

அந்தக் கேள்வியோடு அன்றைய சண்டை முடிந்தது.

வியாழக்கிழமை, தொழிலகப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர் நூர்ஜஹான் வந்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு நாள் சோதனையைக் கண்ணால் பார்த்து, அறிக்கையை உறையிலிட்டு அரக்கு வைத்து எடுத்துப் போவது அவர் வேலை. அதிகம் பேசாத மனுஷி. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஐம்பத்திரண்டு பேர். ஒன்பதாவது ஆள் பூஷணம்.

"ஆரம்பிக்கலாமே" என்றார் டாக்டர் அனந்தபத்மன். "சுகிர்தா, ஒப்பு எடுத்தாச்சா?"

"எடுக்க முடியாது சார். திங்கட்கெழமதான் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் கண்டு ஒரு வாரம் ஒப்பு குடுக்கக் கூடாது."

"அப்ப ஷைனி..."

"மூணு நாள் முன்னாடி அவ குடுத்தா. அன்னைக்கு வந்த எண்ணு தப்புன்னு நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க. அவ ரத்தம் ஒப்புக்கு ஆகாதுன்னுதான அர்த்தம்?" நூர்ஜஹானின் கண்ணாடி துடைக்கும் கை நின்றது. சுகிர்தா விதிப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தாள். "விதி பதினொண்ணு. ஒப்பு குடுக்கத் தகுந்த பணியாளர் இல்லன்னா, பொறுப்பு மருத்துவர் தன் ரத்தத்தைக் குடுக்கணும். கைய நீட்டுங்க சார்."

"இன்னொரு நாள் வெச்சுக்கலாமே மேடம்" என்று டாக்டர் ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் டாக்டர், ஊசின்னா பயமா?" என்றார் நூர்ஜஹான். சிரிக்கவில்லை. "வெளிய அம்பத்திரண்டு பேரு பயப்படாம நிக்கிறாங்க."

டாக்டர் சட்டைக் கையை மடித்தார். மெத்தென்ற, வெளுத்த கை. ஒரு தழும்பு கிடையாது. சுகிர்தா பட்டையைக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கியே கட்டினாள். அவர் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"என்ன செய்யறேன்னு தெரிஞ்சுதான் செய்யறியா? ஆலை மூடும். தொள்ளாயிரம் வீடு. உன் காலனிக்காரனே உன்னைக் கல்லால அடிப்பான்."

"அடிச்சா என் காலனிக்காரன்தான அடிப்பான். விரல மடக்குங்க."

"நன்றியில்லாத ஜென்மம்."

ஊசி ஏறியது. இரண்டு மில்லி. குழாயில் 'ஒப்பு' என்று எழுதினாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்த எழுத்து டாக்டரின் ரத்தத்தின் மேல் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்தது. மூலக் கோப்பில் டாக்டரின் ரத்தம் நூற்றுக்குச் சரியாக ஒன்று. ஐம்பத்திரண்டு பேரில் இரண்டைத் தாண்டியவர்கள் ஐம்பத்திரண்டு பேர். குறைந்தது மூன்று புள்ளி ஏழு. போன வருடம்தான் வேலையில் சேர்ந்தவன். ஒன்பதாவது வரிசையில் பூஷணம், ஒன்பது புள்ளி மூன்று. அந்தப் பட்டியலில் அவள் தனியாக நிற்கவில்லை. அவளுக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள், கீழேயும் இருந்தார்கள்.

நூர்ஜஹான் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். "அழிச்ச திங்கட்கெழமை எண்ணு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஷைனி ஓடிவந்து பென் டிரைவை நீட்டினாள். "மூலக் கோப்பு எல்லாமே இருக்கு மேடம். மூணு வருஷத்துக்கும்." ஆய்வாளர் அதை வாங்கிக்கொண்டு, மேலிடத்துக்குப் பேச வராந்தாவுக்குப் போனார்.

அறையில் டாக்டர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் இல்லை. ஒருவிதமான சலிப்பு இருந்தது. வாங்கிய பொருள் சரியில்லாமல் போன சலிப்பு.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? உன்னை எதுக்கு எடுத்தேன்னு நினைக்கிற?"

சுகிர்தா குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொரு பேர் வந்தீங்க. முதல் நாள் மெடிக்கல்னு சொல்லி ரத்தம் எடுத்தோம், ஞாபகம் இருக்கா? வயசு சின்னதா இருக்கணும், பாக்கறதுக்கு ஆரோக்கியமா இருக்கணும். ரத்தத்துல எண்ணு மட்டும் ஒசரமா இருக்கணும். உன்னுதுதான் எல்லாத்தையும்விட ஒசரம். அதோட முடிஞ்சுது இன்டர்வியூ." அவர் மேசையின் கீழ் இழுப்பறையைக் காலால் காட்டினார். "உன் சர்ட்டிபிகேட் கவர் அங்கதான் கிடக்கு. பிரிச்சுக்கூடப் பாக்கல."

சுகிர்தா குனிந்து இழுப்பறையைத் திறந்தாள். பழைய உறைகளுக்கு அடியில் அவளுடைய பழுப்பு உறை. கிளம்புகிற அவசரத்தில் கோந்து இல்லாமல், அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டிய உறை. பருக்கை காய்ந்து, கண்ணாடித் துண்டு மாதிரி அப்படியே இருந்தது. உள்ளே பதக்கச் சான்றிதழின் தடிமன் விரலுக்குத் தட்டுப்பட்டது. மூன்று வருடமாக ஒரு நகம்கூட அதன் மேல் படவில்லை.

ஹாஸ்டல், தட்டு, வாத்தியார், எல்லாம் ஒரு நொடி வந்து போயின. அவர்களாவது அவள் மார்க்கைப் பார்த்துவிட்டு வெறுத்தார்கள்.

அவள் அழுவாள் என்று அந்த ஆள் காத்திருந்தார். அவள் அழவில்லை. உறையைப் பிரிக்கவும் இல்லை. அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆய்வாளர் மேசையில் விட்டுப்போன பட்டியலை இழுத்தாள். ஐம்பத்திரண்டு வரிகளுக்குக் கீழே இன்னும் சில காலிக் கட்டங்கள் இருந்தன.

"என்ன எழுதற?" டாக்டர் எழுந்தார். "அது அரசாங்க ஆவணம். தொழிலாளிங்க பேர் மட்டும்தான் இருக்கலாம்."

"தெரியும் சார்."

ஐம்பத்து மூன்று. பெயர்: பூ. சுகிர்தா. எண்: நான்கு புள்ளி நான்கு. பிரிவு என்ற கட்டத்தில் 'ஈரப் பிரிவு, டிரம்' என்று எழுதினாள். வராந்தாவிலிருந்து திரும்பிய நூர்ஜஹான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

கடைசியாக, பணியில் சேர்ந்த நாள். பேனா ஒருகணம் நின்றது. சுகிர்தா விரல் விட்டு எண்ணினாள். பிறகு, தான் பிறந்த தேதிக்கு ஒன்பது மாதம் முந்தைய தேதி ஒன்றை அழுத்தி எழுதிவிட்டு, பட்டியலை ஆய்வாளரிடம் நீட்டினாள்.